உள்ளே வருபவர்கள் கவனத்துக்கு

மண் மாதிரிகள் ஆய்வகத்துக்கு வரும்போது அவற்றுக்குப் பெயர் இருக்காது. எண் மட்டும்தான் இருக்கும். யாருடைய நிலம், எந்தப் பக்கத்து மண் என்பதெல்லாம் உருப்பெருக்கிக்கு முன்னால் உட்காருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் மண்ணை அனுப்புவதற்கு முன்னால் பையின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, வாயை இரண்டு முடிச்சு போட்டுக் கட்டி அனுப்புகிற விவசாயி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பாப்பாவின் சின்னண்ணன்.

பாப்பா என்றதும் இரட்டைப் பின்னலைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாற்பதைத் தாண்டியவள். கிட்டப்பார்வைக்கு ஒரு கண்ணாடி, தூரப்பார்வைக்கு ஒரு கண்ணாடி, இரண்டையும் எங்கே வைத்தோம் என்று தேட மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்று அவள் மகளே கேலி செய்வாள். இரண்டு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்ததால் வந்த பெயர், போகவே இல்லை.

அவள் வேலை மண்ணுக்குள் ஒரே ஒரு பொருளைத் தேடுவது. காய்ந்த மண்ணை ஒரு பெரிய தகரக் குவளைக்குள் தண்ணீரோடு பாய்ச்சினால் மணல் அடியில் போய்விடும். இலேசானதெல்லாம் விளிம்பு வழியாக வழிந்து சல்லடையில் விழும். வேர்த்துண்டு, களை விதை, எறும்பின் கால், எந்தக் காலத்திலோ செத்த வண்டின் முதுகு. அதை வடிதாளில் பரப்பி உருப்பெருக்கியின் கீழே வைத்து, வரி வரியாகப் புத்தகம் படிப்பதுபோல் படித்துக்கொண்டே போக வேண்டும். தேடும் பொருளுக்கு ஆய்வகத்தில் செல்லமாகக் 'கூடு' என்று பெயர். முட்டைக்கூட்டு நூற்புழு என்று முழுப்பெயர் சொன்னால் அதற்குள் டீ ஆறிவிடும்.

கூடு என்பது ஒரு தாயின் சடலம். இந்தப் பெண் புழு உருளைக்கிழங்குச் செடியின் வேருக்குள் தலையைப் புதைத்தபடி, இருந்த இடத்தைவிட்டு அசையாமல், உறிஞ்சி உறிஞ்சி உருண்டையாகிவிடும். பிறகு செத்துப்போகும். செத்த பிறகுதான் அதன் உண்மையான உத்தியோகம் ஆரம்பம். தோல் பழுப்பேறி, கெட்டியாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளை வைத்துக் காக்கும் டப்பாவாகிவிடும். குண்டூசித் தலையைவிடச் சிறிய டப்பா. வெயில், உறைபனி, மருந்து எதுவும் அதை ஒன்றும் செய்யாது. பக்கத்தில் ஒரு கிழங்குச் செடி வேர் விடுகிற வாசனை வரும்வரை, இருபது வருஷமானாலும் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். வாசனை வந்ததும் உள்ளே இருக்கும் குஞ்சுகள் விழித்துக்கொள்ளும்.

பாப்பாவின் குடும்பத்தில் கோபமும் ஏறக்குறைய இப்படித்தான் பாதுகாக்கப்பட்டு வந்தது.

சாப்பாட்டுக் கிழங்கு போடுகிற நிலத்தில் கூடு கிடைத்தால் விளைச்சல் குறையும், அவ்வளவுதான். விதைக்கிழங்கு நிலத்தில் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் விதை விற்கும் உரிமம் போய்விடும். அந்த விதை நூறு நிலத்துக்குப் போகும், கூடும் கூடவே போகும் என்பதால். சின்னண்ணன் விதைக்கிழங்கு போடுகிறவர். வேறு எதையும் போட்டதில்லை, வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை.

அன்று காலை அந்தத் துடைத்த பை மேஜைக்கு வந்தபோது, விதிப்படி அதைப் பாப்பா பக்கத்து மேஜைக்குத் தள்ளியிருக்க வேண்டும். சொந்தக்காரர் மண்ணைச் சொந்தக்காரர் பார்க்கக்கூடாது. ஆனால் அண்ணன் மண் என்றால் விடுமுறை மாதிரி. அதில் எதுவும் இருக்காது. சீக்கிரம் முடித்துவிட்டு வெயிலில் நின்று டீ குடிக்கலாம். அந்த ஆசையில்தான் அவள் உட்கார்ந்தாள்.

வடிதாளின் பாதியில், ஒரு புல்விதைக்கும் ஒரு கரித்துண்டுக்கும் நடுவில், உருண்டையாக, பழுப்பாக, பளபளப்பாக அது இருந்தது.

முதலில் மணல் என்று நினைத்தாள். மணல் இப்படி அழகாக இருக்காது. ஈரத் தூரிகையின் நுனியில் ஒட்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து இலேசாக அழுத்தினாள். டப்பா திறந்தது. உள்ளே முட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மடித்துவைத்த நூல் மாதிரி ஒரு புழு. உயிரோடு இருந்தவை.

தகட்டைப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் ஒரு தடவை துடைத்துவிட்டால் போதும். அறையில் எல்லோரும் அவரவர் உருப்பெருக்கிக்குள் குனிந்திருந்தார்கள். பாப்பா சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்த்ததற்காகவே வெட்கப்பட்டாள். ஒவ்வொரு தடவை அண்ணன் வீட்டுக்குப் போகும்போதும் அவர் சொல்லும் வார்த்தை காதில் விழுந்தது: "ஒண்ணைக்கூட விட்டுடாத பாப்பா. இந்த விஷயத்துல தாட்சண்யம் பார்த்தா அத்தனை பேர் நிலமும் நாசம்."

தகட்டோடு எழுந்து ஆய்வகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு தப்புப் பண்ணிட்டேன். இது என் அண்ணன் நிலத்து மண்."

"தெரியும்மா."

"எப்படி சார்? நம்பர்தானே இருக்கு?"

"பையைத் துடைச்சு அனுப்புற ஆள் வேற யாரு இருக்கா? நம்ம வாட்ச்மேனுக்கே தெரியும்." தலைவர் தகட்டை வாங்கித் தன் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அட கடவுளே, இந்த மனுஷனுக்கா?" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொருத்தரை விட்டு மறுபடி பார்க்கச் சொல்றேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார்.

மறுபடி பார்த்தவருக்கு இன்னும் இரண்டு கிடைத்தன.

*

சின்னண்ணனுக்கு ஊரில் 'சுத்தம்' என்று பெயர். "சுத்தம் வந்தாரா?" "சுத்தம் கிழங்கு ஏத்தியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவர் நிலத்து வாசலில் ஒரு இரும்புக் கதவு. கதவில் நீலப் பலகை. 'உள்ளே வருபவர்கள் கவனத்துக்கு' என்று பெரிய எழுத்தில் தொடங்கி, சொந்தச் செருப்புகளுக்கு அனுமதி இல்லை, பண்ணை பூட்ஸ் மட்டுமே அணியவும், மருந்துத் தொட்டியில் நின்றுவிட்டு வரவும், மண் என்பது சொத்து என்று முடியும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு மர அடுக்கு, அதில் வரிசையாகப் பச்சை ரப்பர் பூட்ஸுகள், குழந்தை அளவிலிருந்து யானை அளவு வரை. அதற்கு அடுத்தது சிமெண்ட் தொட்டி, கணுக்கால் உயரத்துக்கு மருந்துத் தண்ணீர்.

விதிவிலக்கு யாருக்கும் கிடையாது. மாமியாருக்கும் பூட்ஸ், தபால்காரருக்கும் பூட்ஸ். சின்னண்ணி துணி காயப்போட்டுவிட்டு வீட்டுக்குள் வருவதற்குள் மூன்று தடவை காலணி மாற்ற வேண்டும். "இது வீடு இல்ல பாப்பா, விமான நிலையம். ஒரு நாள் என்னையும் எக்ஸ்ரே மெஷினுக்குள்ள விடத்தான் போறாரு, பாரு" என்பாள்.

இந்தக் கதவுதான் பெரியண்ணனைக் குடும்பத்திலிருந்து பிரித்தது. இரண்டு பேருக்கும் நிலம் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு கம்பிவேலி. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், உரிமத்துக்கு அதிகாரிகள் வந்திருந்த ஒரு நாள், பெரியண்ணன் அவர்களுக்குக் கொடுக்கலாமே என்று ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி நேராக நடந்து வந்துவிட்டார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. செருப்பில் அப்பம் மாதிரி சேறு. "நில்லு! அங்கயே நில்லு!" என்று சின்னண்ணன் கத்திய கத்தலில் அதிகாரி ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாராம். "உன் அழுக்குச் செருப்பு இனிமே என் மண்ணுல படக்கூடாது!"

பெரியண்ணன் ஃபிளாஸ்க்கை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து வரவில்லை. அந்த வருஷமே தன் நிலத்தில் கிழங்கு போடுவதையும் நிறுத்தினார். "அவன் போடுற பயிரை நான் எதுக்குப் போடணும்?" என்று வெங்காயமும் கேரட்டும் பீட்ரூட்டும் மாற்றி மாற்றிப் போட்டார். சின்னண்ணனோ தன் உடன்பிறந்தவரைப் 'பக்கத்து நிலத்துக்காரர்' என்று குறிப்பிட ஆரம்பித்தார். வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான். "பக்கத்து நிலத்துக்காரருக்கு முட்டி வலின்னு கேள்விப்பட்டேன், இந்தத் தைலத்தைப் பாப்பாகிட்ட குடுத்தனுப்பு" என்பார்.

ஆய்வகத்தின் அறிவிப்பு போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் பாப்பாவுக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, உங்க ஆபீஸ்ல பையை மாத்திட்டாங்க."

"மாத்தலண்ணா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல்ல பார்த்ததே நான்தான்."

"நீயா?"

"நீதானே சொல்லியிருக்க, ஒண்ணைக்கூட விட்டுடாதன்னு."

"அது மத்தவங்க நிலத்துக்குச் சொன்னதும்மா!"

சொல்லி முடித்ததும் அவர் குரல் மாறியது, பதில் கிடைத்துவிட்டவரின் குரல். "அந்த ஆளோட வேலைதான் இது. பக்கத்து நிலத்துக்காரர். வேலி வழியா வந்திருக்கு. அவர் நிலத்தையும் தோண்டிப் பாருங்க. அங்க கொட்டிக்கிடக்கும்."

"அவர் கிழங்கே போடலையே அண்ணா."

"அன்னைக்குச் செருப்புல கொண்டுவந்தாரே!"

*

கூடு கிடைத்துவிட்டால் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் மண் எடுக்க வேண்டும். எங்கே எவ்வளவு என்று தெரிந்தால்தான் முழு நிலத்தையும் மூடுவதா, ஒரு ஓரத்தை மட்டும் மூடுவதா என்று முடிவு செய்ய முடியும். ஓரத்தோடு போய்விட்டால் மீதியில் உரிமம் பிழைக்கும். சின்னண்ணன் நம்பிக்கை எல்லாம் அந்த ஓரத்தின் மேல்தான் இருந்தது, அதுவும் வேலியோரத்தின் மேல்.

தலைவரும் பாப்பாவும் மண் எடுக்கும் குழாய்களோடு போய் இறங்கினார்கள். சுத்தமான ஷூ, அதற்கு மேல் பிரித்த பாக்கெட்டிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் உறை, எல்லாம் முறைப்படி. சின்னண்ணன் கதவருகே நின்றிருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"சார், அந்த உறையைக் கழட்டிடுங்க."

"இது புதுசுங்க. இப்பதான் பிரிச்சேன்."

"அந்த பிளாஸ்டிக்கை எல்லாம் நம்ப முடியாது சார். கிழிஞ்சுடும். நம்ம பூட்ஸ் போட்டுக்கங்க. உங்களுக்கு ஒன்பது நம்பர் சரியா இருக்கும்."

நிலத்தில் கூடு இருக்கிறது என்று அறிவித்த மனிதரிடம், நிலத்துக்குள் எதையும் கொண்டுவந்துவிடாதீர்கள் என்று சொல்லும் அந்தத் துணிவை மறுக்கத் தலைவரால் முடியவில்லை. பேசாமல் ஒன்பது நம்பரை மாட்டிக்கொண்டு தொட்டியில் நின்றார். தண்ணீர் டீயின் நிறத்தில் இருந்தது. பாப்பா குனிந்து தன் ஜோடியை எடுத்தபோது உள்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு சக்கரம் வரைந்திருப்பதைக் கவனித்தாள். பாதி அழிந்திருந்தது.

வழக்கம்போல சின்னண்ணன் முன்னால் நடந்தார். கதவிலிருந்து கிழங்கு வரிசைகளுக்கு நடுவே, நிலத்தின் குறுக்காக, சேமிப்புக் கொட்டகை வரை. நடுவில் நிலம் சற்று மேடேறும் இடத்தில் நின்று திரும்பினார். வருகிறவர்களை அவர் நிறுத்தும் இடம் அது. விவசாயச் சங்கத்தினர், கல்லூரிப் பிள்ளைகள், விதை வாங்க வருகிறவர்கள், எல்லோரும் இங்கே நின்றுதான் அவர் பேச்சைக் கேட்பார்கள்.

"சார், கூடு எப்படிப் பரவுது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பழக்கதோஷம். பிறகு யாரிடம் பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கவிழ்த்துப்போட்ட கேரட் பெட்டியின் மேல் பெரியண்ணன் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பாப்பா வேலிப்பக்கம் போனபோது குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"உள்ள விட்டுட்டானா உன்னை? முதுகு தேச்சுவிட்டானா?"

"சும்மா இருண்ணா. சின்னண்ணன் நிலத்துல கூடு வந்திருக்கு."

ரொட்டி பாதி வழியில் நின்றது. "யாரு நிலத்துல? இவன் நிலத்துலயா?" அவர் சிரிக்கப்போகிறார் என்று பாப்பா நினைத்தாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மூடிக்கொண்டார். "இப்ப என்ன பண்ணுவான்?"

"உன் நிலத்துல இருந்து வந்ததுன்னு சொல்றாரு. உன் மண்ணையும் எடுக்கணுமாம்."

"அப்படிச் சொன்னாத்தானே அவன். எடுத்துக்க. ஆனா பையெல்லாம் நான் துடைச்சுத் தரமாட்டேன்."

எல்லாம் முடிந்து திரும்பும்போது பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பாப்பா சின்னண்ணியிடம் கேட்டாள். "இந்தச் சக்கரம் என்ன அண்ணி? ஸ்பெஷலா சொல்லிச் செஞ்சதுன்னுதானே அண்ணன் சொல்வாரு?"

"ஸ்பெஷலாவது ஒண்ணாவது. ஏலத்துல வாங்கினாரு. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பண்ணையை மூடினாங்களே, அங்க. சக்கரம் அவங்க அடையாளம். கேட்டை மாட்டின வருஷம். அடிமாட்டு விலைக்குக் கிடைச்சுதுன்னு வண்டி நிறைய அள்ளிட்டு வந்தாரு. ஏலத்து பூட்ஸுன்னு சொன்னா மரியாதை போயிடும்ல? அதான் யாருகிட்டயும் சொல்றதில்ல."

பாப்பாவுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. மண் மூட்டைகளை வண்டியில் ஏற்றும் அவசரம்.

*

அடுத்த வாரம் கட்டங்களின் படம் தயாரானது. கூடு கிடைத்த கட்டங்களுக்குத் தலைவர் சிவப்புப் பென்சிலால் நிழல் போட்டிருந்தார். வேலியோரம் முழுக்க வெள்ளை. பெரியண்ணன் நிலமும் முழுக்க வெள்ளை. அத்தனை வருஷமாகத் தின்ன வேரே இல்லாத இடத்தில் கூடு எப்படிப் பெருகும்? தம்பி மேல் இருந்த வீம்பு அந்த நிலத்தைக் கழுவித் துடைத்ததுபோல் வைத்திருந்தது.

சிவப்பு எங்கே இருந்தது என்றால், கதவில் தொடங்கியது. அங்கிருந்து ஒரு வால் மாதிரி நிலத்தின் குறுக்காகக் கொட்டகை வரை நீண்டது. நடுவில், மேடேறும் இடத்தில், பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்தமான ஒரு திட்டு.

"இது என்னம்மா, மழைத் தண்ணி ஓடின பாதையா?" என்றார் தலைவர்.

"தண்ணி மேட்டுல ஏறாதே சார்."

சொன்ன மாத்திரத்தில் பாப்பா படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அது நடக்கிறவர்களின் பாதை. அந்தத் திட்டு, கூடு எப்படிப் பரவுகிறது என்று அண்ணன் பாடம் எடுக்கும் இடம். கேட்கிறவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற இடம்.

மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணை ஏன் மூடப்பட்டது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த மண்ணைப் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி. வடிதாளில் கசகசாவைக் கொட்டினது மாதிரி இருந்தது. அங்கே இனிக் கிழங்கு போடவே முடியாது என்ற பிறகுதான் நாற்காலி, மேஜை, டிராக்டர், பூட்ஸ் எல்லாம் ஏலத்துக்கு வந்தன.

சாயங்காலமே போனாள். சின்னண்ணன் இல்லாத நேரம். யாரும் அதிகம் போடாத யானை அளவு ஜோடியை அடுக்கிலிருந்து எடுத்துத் திருப்பினாள். அடிப்பாகத்துப் பள்ளங்களில் பழைய மண் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துச் சுரண்டி, கைக்குட்டையில் வாங்கிக்கொண்டாள். மறுநாள் அந்த ஒரு சிட்டிகை மண்ணைக் கழுவிப் பார்த்தபோது, எண்ண ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டாள். போதும்.

*

சமையலறை மேஜையில் உட்கார்ந்து சொன்னாள். படத்தை விரித்து வைத்து, விரலால் அந்த வாலை ஓட்டிக் காட்டினாள். சின்னண்ணன் முதலில் வேலியோரத்து வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல் போன வழியைப் பார்த்தார்.

"அவர் நிலம்?"

"ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பார்த்தியா?"

"உன் மண்ணை எப்படிப் பார்த்தேனோ அப்படித்தான் பார்த்தேன்."

அவருக்கு அது வலித்திருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பூட்ஸ்ல இருந்திருக்கட்டும். அதுக்குத்தான் தொட்டி வச்சிருக்கேனே! மருந்துல நனைக்காம ஒருத்தன் உள்ள வந்திருப்பானா?"

"நனைச்சதாலதான் அண்ணா. மருந்துக்குக் கூடு சாகாது. காஞ்சபடி இருந்திருந்தா மண்ணு ரப்பர்லயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். ஊறி ஊறி, கொஞ்சம் கொஞ்சமா வரிசைக்குள்ள உதிர்ந்திருக்கு."

சின்னண்ணி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "என்னங்க, அந்தத் தொட்டித் தண்ணியை வாராவாரம் எங்க ஊத்துவீங்க?"

அவர் படத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டார்.

"கேட்குறேன்ல?"

"முதல் வரிசைக்கு" என்றார் சின்னண்ணன், ரொம்ப மெதுவாக. "நல்ல மருந்து. வீணாப் போகக்கூடாதுன்னு."

சின்னண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். தோள் குலுங்கியது. பாப்பாவும் படத்தின் மேல் குனிந்துகொண்டாள். "சிரிங்க, சிரிங்க" என்றார் அவர். "எனக்கே சிரிப்பு வருது. ஆனா இந்தப் பக்கம் வரமாட்டேங்குது." நெஞ்சைத் தடவிக் காட்டினார். பிறகு எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, பூட்ஸ் அடுக்கின் முன்னால் நின்று ஒவ்வொரு ஜோடியாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், வகுப்பில் எல்லோரையும் சந்தேகிக்கிற வாத்தியார் மாதிரி.

முழு நிலத்துக்கும் உரிமம் போயிற்று. ஓரமாக இருந்தால் ஓரத்தை வெட்டிவிடலாம். நடுவில் ஓடுகிற வாலை எப்படி வெட்டுவது? ஆய்வகத்திலிருந்து வந்த ஆணையைத் தலைவரே நேரில் கொண்டுவந்து, சங்கடத்தோடு படித்தார். இந்த நிலத்திலிருந்து மண் வெளியே போகக்கூடாது. வெளியேறும் ஒவ்வொருவரும் காலணியைக் காய்ந்த பிரஷால் தேய்த்து, பிறகு கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரைக் குழிக்குள் விட வேண்டும். வண்டிச் சக்கரங்களுக்கும் இதேதான். பூட்ஸ் அத்தனையும் எரிக்கப்பட வேண்டும்.

"இதெல்லாம் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார் தலைவர். "நிறையப் பேரு ஒழுங்கா செய்யமாட்டாங்க."

"நான் செய்வேன்" என்றார் சின்னண்ணன். அதில் ஒரு பெருமை வேறு எட்டிப் பார்த்தது. "முதல்ல பிரஷ், அப்புறம் தண்ணி. இதை நானே யோசிச்சிருக்கணும்."

பூட்ஸை எரித்த அன்று கருப்புப் புகை ஊரெல்லாம் நாறியது. மறுநாள் பாப்பா போனபோது அவர் ஸ்பேனரோடு கதவில் ஏறி நின்று நீலப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தூக்கிப் போடப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அதைத் திருப்பி, நிலத்தைப் பார்த்தமாதிரி, கதவின் உட்பக்கம் மாட்டினார்.

"அண்ணா, 'உள்ளே வருபவர்கள்'னு இருக்கே. வெளிய போறவங்கதானே படிப்பாங்க?"

திருகாணியை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "வெளிய போறவன் இன்னொருத்தன் நிலத்துக்கு உள்ள போறவன்தானே. சரியாத்தான் இருக்கு."

அவர் இறங்கித் திரும்பியபோது கதவுக்கு அந்தப் பக்கம் பெரியண்ணன் நின்றிருந்தார். கையில் அந்த ஃபிளாஸ்க், அல்லது அதே மாதிரி வேறொன்று. செருப்பில் வழக்கமான சேறு. அவர் எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சின்னண்ணன் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"உள்ள வரலாமா?" என்றார் பெரியண்ணன்.

"வரலாம்" என்றார் சின்னண்ணன். "வெளிய போறதுதான் கஷ்டம்."

டீ ஆறும்வரை மூவரும் அங்கேயே கவிழ்த்த பெட்டிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கேரட் விலை பேசினார்கள். முட்டி வலி பேசினார்கள். யாரும் அந்தப் பழைய நாளைத் தொடவில்லை. பெரியண்ணன் எழுந்தபோது சின்னண்ணன் முன்னால் போய்க் கதவை மறித்து, "உட்காரு, காலைக் காட்டு" என்றார்.

"டேய், என்னடா இது? நான் எவ்வளவு தூரம் நடந்தேன்? நாலு அடி."

"நாலு அடி போதும்ணா. உன் நிலம் வெள்ளையா இருக்கு. நான் படத்துல பார்த்தேன்."

அண்ணா என்று கூப்பிட்டதை இரண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள். சின்னண்ணன் மண்டியிட்டு, அந்தச் செருப்பை மடியில் வாங்கிவைத்து, காய்ந்த பிரஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்க்க ஆரம்பித்தார். உதிர்ந்த மண்ணைக் கீழே விரித்த தாளில் பிடித்துக்கொண்டார். பாப்பா தன் கண்ணாடியைத் தேடுவதுபோல் பைக்குள் எதையோ துழாவினாள்.

"அடுத்த வருஷம் விதைக்கிழங்கை எங்க போடப்போற?" என்று பெரியண்ணன் தம்பியின் உச்சந்தலையைப் பார்த்துக் கேட்டார்.

பிரஷ் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. "போடுறதுக்கு எங்க இருக்கு."

"என்னோடதுல போடு. கேரட் போட்டுப் போட்டு எனக்கும் அலுத்துப்போச்சு."

சின்னண்ணன் தலை நிமிரவில்லை. "உன் நிலத்துக்குப் புது கேட் மாட்டணும். பூட்ஸ் வேற வாங்கணும்."

"கடையில போய் வாங்கு" என்றார் பெரியண்ணன். "குதிகால்ல இன்னும் இருக்கு பாரு. நல்லாத் தேய்."